பொம்மைப் பெட்டியில் அண்ணன் வீடு

அன்றைக்கு அண்ணன் வீட்டு வாசலில் இருந்தவர்கள் இவர்கள். அண்ணன். அண்ணி. அவர்களுடைய மகள், நர்சிங் படிக்கிறவள், லீவுக்கு வந்திருந்தாள். ஊர்க்கவுண்டர், எங்கள் ஊரில் நல்லது கெட்டது எதுவும் அவரைக் கேட்டுத்தான். ஆலங்காயத்துக்கும் எங்கள் மலைக்கும் ஜீப் ஓட்டுகிறவர். என் மனைவி. அப்புறம் நான்.

புளி உடைத்துக்கொண்டிருந்தோம். அண்ணன் மகள் மட்டும் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எங்கள் ஊரில் சிக்னல் கிடையாது. மேலே பாறைக்கு ஏறினால் கொஞ்சம் கிடைக்கும். அங்கே போய் எதையெதையோ இறக்கிக்கொண்டு வந்திருந்தாள். திடீரென்று சிரித்தாள்.

“யப்பா, இத்தப் பாரு. உன் வூடு.”

எல்லோரும் எட்டிப் பார்த்தோம்.

பிளாஸ்டிக் கட்டைகளை ஒன்றின் மேல் ஒன்றாகச் செருகி வீடு, வண்டி என்று கட்டுகிற பொம்மை இருக்கிறதே, அது. வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் செய்வது. மந்திரவாதிகளும் பறக்கிற மிருகங்களும் வருகிற ஒரு படம் இருக்கிறது. பாகம் பாகமாக எடுத்திருக்கிறார்கள். தமிழில் பேச வைத்து டிவியில்கூடப் போடுவார்கள். அதன் பெயர் என் வாயில் வராது. அந்தப் படத்தில் வருகிற இடங்களைக் கட்டைகளால் கட்டும்படி புது செட்டுகள் வரப்போகின்றன. கடைக்கு இன்னும் வரவில்லை, தீபாவளிக்கு முன்னால் வருமாம். பெட்டியின் படம் மட்டும் இப்போதே வெளியே வந்திருக்கிறது. இதையெல்லாம் அண்ணன் மகள்தான் சொன்னாள். ஒரு பெட்டியில் கோட்டை. ஒன்றில் பாலம். ஒன்றில் கப்பல். இன்னொன்றில் ஒரு குடிசை.

குடிசையைப் பார்த்ததும் எல்லோரும் இன்னும் கிட்டே வந்தோம்.

நாலு பக்கமும் சரிந்த புல் கூரை. தரையைத் தொடுகிற மாதிரி தாழ்ந்து வருகிறது. மண் நிறத்தில் சுவர். குனிந்து போகிற அளவுக்கு வாசல். பக்கத்தில் கால் வைத்த ஒரு தானியக் குதிர், ஒரு ஆடு. கூரையின் உச்சியில் உருண்டையாக மஞ்சளாக ஒன்று.

அந்த மஞ்சளைப் பார்த்துத்தான் எல்லோரும் கிட்டே வந்தது. அண்ணன் வீட்டு உச்சியிலும் மஞ்சளாக ஒன்று உண்டு. அது ஹெல்மெட்.

எங்கள் பக்கத்தில் கூரையின் நாலு பக்கமும் மேலே ஒரே இடத்தில் கூடும். அந்த இடத்தில்தான் மழை இறங்கும். அதற்காக மண்சட்டியைக் கவிழ்த்து வைப்போம். அண்ணன் வீட்டுச் சட்டியைக் குரங்கு தள்ளி உடைத்துவிட்டது. அப்போது நான் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்த் திரும்பியிருந்தேன். அங்கே கொடுத்த மஞ்சள் ஹெல்மெட் என்னிடம் இருந்தது. புளிய மரத்துக்கும் சாமைக் கொல்லைக்கும் அது எதற்கு? அண்ணனிடம் கொடுத்தேன். அவர் சட்டிக்குப் பதில் அதைக் கவிழ்த்துக் கட்டிவிட்டார். குரங்கு அதைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பெரிய கேமராவோடு நாலைந்து பேர் மலையில் நடக்க வந்தார்கள். அந்த ஹெல்மெட்டைப் பார்த்துச் சிரித்தார்கள். அப்புறம் வீட்டைச் சுற்றிச் சுற்றி அரை நாள் படம் பிடித்தார்கள்.

“அந்தக் கேமராக்காரனுங்கதான்,” என்றார் ஜீப்காரர். “நான்தானே இட்டாந்தேன். அவனுங்கதான் எடுத்து அனுப்பிக்கீறானுங்க.”

“மாமா, நான் சும்மா சொன்னேன். மாதிரியே கீதுன்னு சொன்னேன்,” என்றாள் அண்ணன் மகள்.

“இன்னாம்மா மாதிரி?” என்றார் ஊர்க்கவுண்டர். “ஹெல்மெட்டு கீது பாரு. எந்த ஊர்ல வூட்டு மேல ஹெல்மெட்டு மாட்றான்? சொல்லு. எந்த ஊர்ல?”

வேறு எந்த ஊரிலும் நாங்கள் பார்த்ததில்லை.

அண்ணன் கையில் இருந்த புளியை லுங்கியில் துடைத்துவிட்டு போனை வாங்கினார். ரொம்ப நேரம் வைத்திருந்தார்.

“ஆடு கூட கீது,” என்றார்.

எனக்கு வயிறு எரிந்தது.

எனக்கு அரசாங்க வீடு கிடைத்துச் சில வருஷம் ஆகிறது. பெயர் எழுத ஆபீசில் இருந்து வந்தபோது அண்ணன் கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போயிருந்தார். நான் ஊரில் இருந்தேன். என் பெயர் ஏறியது. புல் வீட்டைப் பிரித்துவிட்டு சிமெண்ட் வீடு கட்டினேன். அண்ணன் திரும்பி வந்து பார்த்தார். “நல்லா கீது,” என்றார். உள்ளே வரவில்லை. அதற்கப்புறமும் வரவில்லை. எதுவானாலும் வாசலில் நின்று பேசிவிட்டுப் போவார். மழை பெய்தால் எதிரே மரத்தடியில் நிற்பார்.

எனக்கு அது பிடித்திருந்தது. அவர் வருகிற பக்கத்துச் சுவருக்கு மட்டும் நீலம் அடித்தேன்.

மற்ற எல்லாவற்றிலும் அவர் எனக்கு ஒரு படி மேல். மரம் ஏறினால் அவர் உச்சி, நான் நடுக்கிளை. பாகம் பிரித்தபோது நல்ல புளிய மரங்கள் அவர் பக்கம் விழுந்தன. நாலு பேர் கூடினால் அவரைத்தான் கேட்பார்கள். வீடு ஒன்றில்தான் நான் மேலே இருந்தேன்.

இந்த வருஷம் அண்ணன் பெயரும் வந்துவிட்டது. ஆர்டர் கைக்கு வந்து, ஆபீஸ் ஓவர்சீயரும் நேரில் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். இப்போது இருக்கிற மனையில்தான் கட்ட வேண்டும். அதனால் புல் வீட்டைப் பிரிக்க வேண்டும். காலி மனையில் அண்ணனை நிற்க வைத்து போட்டோ எடுக்க வேண்டும். மாசக் கடைசிக்குள் நடக்காவிட்டால் ஆர்டர் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அண்ணி அன்றிலிருந்தே சாமான்களை மூட்டை கட்ட ஆரம்பித்திருந்தாள். எனக்கு அதிலேயே பாதி எரிச்சல்.

இப்போது இந்தப் பொம்மை.

மகள் மறுநாள் காலேஜுக்குப் போய்விட்டாள். போவதற்கு முன் அந்தப் படத்தை ஜீப்காரர் போனில் ஏற்றிவிட்டுப் போனாள். அன்றைக்குச் சாயங்காலம் அண்ணன் வாசலில் உட்கார்ந்து சொன்னார்.

“நான் வூட்டப் பிரிக்கல.”

நான் கயிறு திரித்துக்கொண்டிருந்தேன். அண்ணி முறத்தைக் கீழே வைத்தாள்.

“இன்னாது பிரிக்கல? அப்ப ஆர்டரு?”

“ஒலகம் பூரா கடையில வெச்சு விக்கப் போறான். பாக்கறவன் தேடிகினு வருவான். வந்து பாத்தா சிமெண்ட் வூடு கீதுன்னா இன்னா நெனைப்பான்?”

“வர்றவன் இங்க படுப்பானா? மழை பேஞ்சா நான் குண்டான் தூக்கிகினு மூலை மூலையா நிக்கறேன். அவனா வந்து புடிப்பான்?”

“அதான் ஹெல்மெட்டு கீதே.”

“மொகட்டுக்கு ஹெல்மெட்டு கீது. மிச்ச வூட்டுக்கு? எனக்கு ஒண்ணு வாங்கிக் குடு, மாட்டிகினு படுத்துக்கறேன்.”

அண்ணன் சிரித்தார். சிரித்தால் அவரை அசைக்க முடியாது.

அடுத்த நாள் மூன்று சுமை புல் அறுத்துவந்து கூரையின் கிழக்குப் பக்கத்தைப் புதுசாக வேய்ந்தார். பிரிக்க வேண்டிய வீட்டுக்கு யாராவது புல் போடுவார்களா? ஊரில் நாலு பேர் போய்க் கை கொடுத்தார்கள். கூரை போடும்போது கூப்பிட்டால் போக வேண்டும், அது எங்கள் ஊர் வழக்கம். நானும் போனேன். புல்லைக் கீழே இருந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் மேலே நின்று வாங்கினார்.

ஜீப்காரர் சும்மா இருக்கவில்லை. சனி ஞாயிறில் மலை பார்க்க வருகிறவர்களிடம் எல்லாம் போனைக் காட்டினார். “இந்தப் பொம்மை இன்னும் வரல சார். ஆனா அசல் வூடு எங்க ஊர்ல கீது, வர்றீங்களா?” வந்தார்கள். முதலில் ஒரு மோட்டார் சைக்கிள் கூட்டம். அப்புறம் ஒரு கார். அவர்களில் சிலருக்கு அந்த மந்திரவாதிப் படம் நன்றாகத் தெரிந்திருந்தது. ஒரு பையன் வீட்டைப் பார்த்ததும், “ப்ரோ, செம மேட்ச் ப்ரோ,” என்று கத்தினான். எப்படியோ அவர்களுக்கு அது ஒத்துப் போயிற்று. அண்ணனை வாசலில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். ஒருவன் அவரை சார் என்று கூப்பிட்டான். எங்கள் ஊரில் வாத்தியாரைத் தவிர யாரையும் சார் என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

என் வீடு அதற்கு நேர் எதிரே. அவர்கள் படம் எடுக்கும்போது நான் என் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு பெண் கை காட்டினாள்.

“அண்ணா, கொஞ்சம் உள்ள போறீங்களா? பின்னாடி தெரியுறீங்க.”

உள்ளே போனேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

அந்தப் பெண் ஜன்னலையும் பார்த்தாள். “அண்ணா, அந்த ப்ளூ சுவரும் வருது. ஏதாவது துணி இருந்தா மாட்டுறீங்களா?”

என் மனைவி ஒரு பழைய போர்வையைக் கொண்டுபோய் மாட்டினாள். ஓடிப்போய் மாட்டினாள்.

அவர்கள் போன பிறகு நான் சொன்னேன், “ஹெல்மெட்டு என்னுது.”

“இன்னா?”

“அந்த வூட்டுல அவங்க பாக்கறது ஹெல்மெட்ட. ஹெல்மெட்டு என்னுது. நான் குடுத்தது.”

“அப்ப போய்க் கேளு,” என்றாள். போர்வையை மடித்துக்கொண்டே சொன்னாள். நான் போக மாட்டேன் என்று நினைத்துவிட்டாள்.

போனேன். அண்ணன் குதிர்க் காலுக்கு மண் பூசிக்கொண்டிருந்தார். படத்தில் குதிர் சுத்தமாக இருக்கிறதாம்.

“ண்ணா, அந்த ஹெல்மெட்டு வேணும்.”

“எந்த ஹெல்மெட்டு?”

“மேல கீறது.”

மேலே பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“இன்னாத்துக்கு? தலை காயுதா?”

“எனக்கு வேணும்.”

“சிமெண்ட் வூட்டு மேல எங்கடா மாட்டுவ? தட்டையா கீது. வெச்சா உருண்டு வந்து உன் தலையிலேயே வுழும்.”

பக்கத்தில் ஊர்க்கவுண்டர் இருந்தார். அவர் சிரித்த சிரிப்பில் வெற்றிலை வெளியே வந்துவிட்டது. “வுடுப்பா,” என்றார் அவர். “வேணும்னா ஆலங்காயத்துல புதுசு வாங்கி மாட்டிக்கோ. அப்பால உன் வூட்டையும் பொம்மை பண்ணச் சொல்லுவோம். நீலத்துல கட்டை கிடைக்குமில்ல?”

திரும்பி வந்துவிட்டேன். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஓவர்சீயர் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போனார். வீடு பிரிக்காமல் இருந்தது. புதுப் புல் வேறு மின்னியது. “இன்னாங்க இது, இன்னும் நல்லா கட்டி வெச்சிருக்கீங்க?” என்றார். அண்ணன் பொம்மை விஷயத்தைச் சொன்னார். ஓவர்சீயர் தலையைச் சொறிந்தார். “எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க. கடைசித் தேதி வரைக்கும் பாப்பேன். அப்புறம் என் கையில இல்ல.”

அன்றைக்கு அண்ணி என் வீட்டுக்கு வந்தாள். அவள் எப்போதும் உள்ளே வருவாள், அண்ணன் மாதிரி இல்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். முதுகில் குளிர்ச்சி படுகிறது என்றாள்.

“தம்பி, நீ ஒரு வார்த்தை சொல்லு.”

“நான் சொன்னா கேப்பாரா?”

“ஊர்ல எல்லாரும் அவருக்குப் பாட்டு பாடிகினு கீறாங்க. நீ ஒருத்தன்தான் பாடல. நீ சொன்னா எரிச்சல்ல சொல்றான்னு நெனைப்பாரு, ஆனாலும் சொல்லு. போன மழைல கட்டுவிரியன் வுழுந்துச்சு தம்பி. பாயில. நான் இந்தப் பக்கம், அது அந்தப் பக்கம்.”

“பாக்கலாம் அண்ணி,” என்றேன்.

பார்க்கலாம் என்று சொன்னேனே தவிர, அண்ணனிடம் எதுவும் சொல்வதாக இல்லை. அவர் பிரிக்காமல் இருந்தால் ஆர்டர் போகும். ஆர்டர் போனால் இரண்டு பேரில் சிமெண்ட் வீடு எனக்கு மட்டும்தான். கூட்டம் கொஞ்ச நாளில் வராமல் நின்றுவிடும். மழை நிற்காது. அப்போது மறுபடியும் அவர் என் சுவரைப் பார்ப்பார். எனக்கு அவசரம் இல்லை.

இப்படி நினைத்துக்கொண்டுதான் புளி போட ஆலங்காயம் போனேன். ஜீப்பில் மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தேன். வழியெல்லாம் ஜீப்காரர் அந்தப் பொம்மைப் படத்தைப் பற்றியே பேசினார். புளியை மண்டியில் போட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்தோம். ஜெராக்ஸ் கடை இருந்தது. எனக்கு என்ன தோன்றியதோ, அவருடைய போனை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். பெரிதாக ஒரு தடவை பார்க்க வேண்டும். ஆட்டின் நிறமாவது தப்பாக இருக்கும் என்று நினைத்தேன்.

கடையில் ஒரு அம்மா இருந்தார்.

“இன்னா வேணும்ங்க?”

“இந்தப் படத்தப் பெருசா காட்டணும்மா. எங்க அண்ணன் வூடான்னு பாக்கணும்.”

“யாரு வூடு?”

“அண்ணன் வூடு.”

போனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “உங்க அண்ணன் மந்திரவாதியா?” என்றார்.

கம்ப்யூட்டரில் போட்டார். குடிசை பலகை அளவுக்கு வந்தது. ஒவ்வொரு கட்டையும் தனித்தனியாகத் தெரிந்தது. ஆடு வெள்ளை. அண்ணன் ஆடு கறுப்பு. அதுவே எனக்குக் கொஞ்சம் திருப்தி. அப்புறம் அந்த அம்மா உச்சியில் இருந்த மஞ்சளைத் தொட்டுக் காட்டினார்.

“இது முட்டைங்க.”

“முட்டையா?”

“றெக்கை வெச்சு, உடும்பு மாதிரி பெருசா ஒண்ணு பறக்குமே, அதோட முட்டை. ஒரு கெழவன் ஊருக்கு வெளிய தனியா இருப்பான். அதை எங்க ஒளிச்சு வெக்கறதுன்னு தெரியாம கூரை மேலயே வெச்சிருப்பான். எல்லாரும் ஊர் பூரா தேடுவாங்க, மேல பாக்க மாட்டாங்க. மூணாவது பாகத்துல வருது. எங்க பையன் எத்தினி தபா பாத்திருப்பான்னு கணக்கே இல்ல. எனக்கே மனப்பாடம்.”

“அந்தப் பாகம் எப்ப வந்துச்சும்மா?”

“அவன் அப்ப கைக்கொழந்த. இப்ப ஏழாவது படிக்கறான்.”

கேமராக்காரர்கள் வந்து இரண்டு வருஷம். ஹெல்மெட் மேலே ஏறி ஐந்தாறு வருஷம். படம் அதற்கெல்லாம் முன்னாலேயே வந்துவிட்டது. எனக்குக் கணக்கு அவ்வளவாக வராது. இது வந்தது.

“கலர்ல ஒண்ணு எடுத்துக் குடும்மா,” என்றேன்.

தாளைச் சுருட்டிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். ஜீப்காரர் கேட்டார், “இன்னா சொன்னாங்க?” ஒன்றுமில்லை என்றேன். மேலே ஏறும் வரை தாள் நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது.

சொன்னால் அண்ணன் பெருமை போய்விடும். ஆனால் வீட்டைப் பிரிப்பார். சிமெண்ட் வீடு வந்துவிடும். சொல்லாவிட்டால் சிமெண்ட் வீடு வராது. ஆனால் சார் என்று கூப்பிடுவார்கள். எதைத் தாங்குவது என்று யோசித்தேன். சார் கொஞ்ச நாள்தான். சிமெண்ட் வீடு வந்தால் எப்போதும் நிற்கும். அதனால் சொல்லாமல் இருப்பதுதான் எனக்கு லாபம். தாளை அட்டாலிப் பரணில் சாமை மூட்டைக்குப் பின்னால் வைத்தேன்.

அப்படியே விட்டிருப்பேன். ரேஷன் கடையில்தான் கெட்டது.

அரிசி போடுகிற நாள். பக்கத்து ஊர் ஆட்களும் வந்திருந்தார்கள். நான் பையை வைத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். பெண்கள் வரிசையில் என் மனைவி. யாரோ ஒரு பொம்பளை அவளிடம் கேட்டாள், “உங்க ஊர்லதானே பொம்மை வூடு கீது?”

“எங்குளுதுதான்,” என்றாள் என் மனைவி. “எங்க மாமாவுது. கட்டிக்கினு வந்தப்ப அந்த வூட்டுலதான் மொதல்ல இருந்தேன். எங்க வூட்டுக்காரரு பொறந்ததே அங்கதான். வந்து பாருங்க.”

“இப்ப எங்க கீற நீ?”

“எதிர்ல ஒண்ணு கீது. சிமெண்ட்டு,” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். சிமெண்ட்டு. வேறு யாருடைய வீடோ மாதிரி.

அரிசியைத் தூக்கிக்கொண்டு நேரே வீட்டுக்குப் போனேன். அட்டாலியில் இருந்து தாளை எடுத்தேன். அண்ணன் வாசலுக்குப் போனேன். அங்கே அண்ணன், அண்ணி, ஊர்க்கவுண்டர். அது போதும் எனக்கு. ஊர்க்கவுண்டரிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி.

தாளை விரித்துத் தரையில் வைத்தேன். பறக்காமல் இருக்க ஓரத்தில் கல் வைத்தேன்.

“இது ஹெல்மெட்டு இல்ல,” என்றேன். “முட்டை.”

“இன்னா முட்டை?” என்றார் ஊர்க்கவுண்டர்.

ஜெராக்ஸ் கடை அம்மா சொன்னதை எல்லாம் சொன்னேன். கிழவன். உடும்பு. மூன்றாம் பாகம். கைக்குழந்தை, இப்போது ஏழாவது. நான் அவ்வளவு நீளமாக அந்த வாசலில் பேசியதே இல்லை. அண்ணன் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“கேமராக்காரனுங்க வர்றதுக்கு முந்தியே படம் வந்துடுச்சா?”

“வந்துடுச்சு.”

“அப்ப நம்ம வூட்ட எப்பிடிப் பாத்தான்?”

“பாக்கல.”

“பாக்காம எப்பிடிடா இதே மாதிரி கட்டுவான்?”

“புல்லு வூடு எல்லா ஊர்லயும்தான் இருந்திருக்கும்,” என்றேன்.

ஊர்க்கவுண்டர் தாளை எடுத்துத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். கிட்ட வைத்துப் பார்த்தார். “ஆடு வெள்ளை,” என்றார். “நான் அன்னிக்கே பாத்தேன்.” அன்றைக்கு ஹெல்மெட்டைக் காட்டிக் கத்தியவர் அவர்தான். “அப்ப, உங்கப்பன் அந்தப் படத்தப் பாத்துக் கட்டியிருப்பாரோ?” என்று சொல்லி, தாளைத் தரையில் வைத்துவிட்டு அவரே சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

அண்ணன் என்னைப் பார்த்தார்.

“இதுக்கோசரம் ஆலங்காயம் போனியா?”

“புளி போடப் போனேன்.”

“எப்ப போன?”

“போன வாரம்.”

“இன்னிக்குத்தான் சொல்ற.”

பறக்காமல் இருக்கக் கல்லை மறுபடி தாளின் ஓரத்தில் வைத்தேன்.

“சந்தோசமா?”

சந்தோஷமாகத்தான் இருந்தது. அவர் முகம் தொங்கிப் போயிருந்தது. அது போதும் போல் இருந்தது.

அண்ணி உள்ளே போனாள். கொடுவாளை எடுத்து வந்தாள். அண்ணன் முன்னால் வைத்தாள். தாளின் மேலேயே வைத்தாள்.

அண்ணன் எழுந்து, ஏணி சாத்தி, மேலே ஏறினார். முதலில் ஹெல்மெட்டைக் கட்டியிருந்த கயிற்றை அறுத்தார். மேலே இருந்தே என்னைப் பார்த்து எறிந்தார். பிடித்தேன். உள்ளே குளவிக் கூடு இருந்தது. கையில் ஒன்று கொட்டியது. வீசிவிட்டேன்.

மறுநாள் ஊர் முழுக்க வந்தது. கூரை போடக் கூப்பிட்டால் வருவதுபோலப் பிரிக்கக் கூப்பிட்டாலும் வர வேண்டும். புல்லை வீட்டுக்கு ஒரு கட்டாகப் பிரித்துக்கொண்டார்கள், மாட்டுக்குப் படுக்கைக்கு ஆகும். புதுப் புல் யாருக்கு, பழசு யாருக்கு என்று கொஞ்சம் சண்டை நடந்தது. எலிக் குஞ்சுகள் விழுந்தன. பாம்புச் சட்டை ஒன்று முழுசாக வந்தது. அண்ணி அதைக் குச்சியில் தூக்கி எல்லோருக்கும் காட்டினாள். ஒருவரும் வருத்தப்படவில்லை. சாயங்காலத்துக்குள் மனை காலியாயிற்று.

வீடு கட்டி முடிக்கும் வரை அண்ணனும் அண்ணியும் எங்கே இருப்பது? என் வீட்டில்தான். அண்ணன் முதல் தடவையாக உள்ளே வந்தார். தலையில் மூட்டை இருந்தது. வாசலில் குனிந்தார், பழக்கம். என் வீட்டு வாசலுக்குக் குனிய வேண்டாம். நிமிர்ந்து நாலு பக்கமும் பார்த்தார். நல்லதாக ஏதாவது சொல்வார் என்று நின்றேன்.

“காத்து வரலையே,” என்றார்.

அண்ணி அன்றைக்குக் கறி ஆக்கினாள். எனக்குத்தான் முதலில் போட்டாள். “நீ சொன்னதாலதான் தம்பி. உன் அண்ணன் மேல உனக்குத்தான் அக்கறை,” என்றாள். என் மனைவி என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும். நான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டேன். கறி நன்றாக இருந்தது.

இரண்டு மோட்டார் சைக்கிள்கள் அந்த வாரமும் வந்தன. காலி மனையைப் பார்த்துவிட்டு, “வீடு எங்க அண்ணா?” என்று கேட்டார்கள். “பிரிச்சுட்டோம்,” என்றேன். “ஐயோ,” என்றார்கள். என் வீட்டைப் படம் எடுக்கவில்லை. பொம்மை இன்னும் கடைக்கு வரவில்லை. அண்ணன் மகள் ஜீப்காரர் போனில் சொன்னாளாம், முன்பதிவு செய்தால் முதலில் கிடைக்கும் என்று. அண்ணன் விலையைக் கேட்டுவிட்டு, “அதுக்கு அசல் வூட்டுக்குக் கதவு போட்டுடலாம்,” என்றாராம். தாளை மட்டும் எறியவில்லை. கொடுவாள் வைத்த தடம் இருக்கிறது. சோற்றுப் பருக்கை தடவிப் புது வீட்டுச் சுவரில் ஒட்டப் போகிறாராம்.

ஓவர்சீயர் வந்தார். கடைசித் தேதிக்கு முன்னாலேயே வந்தார். காலி மனையில் அண்ணனை நிறுத்தி போட்டோ எடுத்தார். அண்ணன் பழகியவர் மாதிரி நின்றார். பிறகு அடி அளந்து முளை அடிக்க வேண்டும். எங்கள் வழக்கப்படி கயிற்றின் ஒரு முனையை வீட்டுக்காரர் பிடிப்பார். மறுமுனையைக் கூடப் பிறந்தவன் பிடிக்க வேண்டும். வேறு ஆள் பிடிக்கக் கூடாது.

பிடித்தேன்.

ஓவர்சீயர் டேப்பை விரித்தார். “பின்னால போங்க,” என்றார். போனேன். “இன்னும்.” போனேன். என் வீட்டுக்கு அளந்தபோது நின்ற இடம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதைத் தாண்டிப் போகச் சொன்னார்.

“டேப்பு தப்பா காட்டுதுங்க,” என்றேன்.

“இல்லைங்க. சரியாத்தான் கீது.”

“என் வூட்டுக்கு இவ்ளோ இல்ல.”

“உங்களுது பழைய திட்டம். இது புதுசு. இப்ப அளவு கூட்டிட்டாங்க.”

அண்ணன் அந்த முனையில் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். “இன்னும் கொஞ்சம் போ தம்பி,” என்றார். “கயிறு தொய்யுது.”

போனேன். முளையை அடித்தார்கள்.

அவர்கள் எல்லோரும் டீ குடிக்கப் போன பிறகு டேப்பை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்குள் போய் அளந்தேன். பதினெட்டுக்குப் பதினைந்து. இருநூற்று எழுபது சதுர அடி. வெளியே வந்து முளைக்கு முளை மறுபடி அளந்தேன். இருபதுக்குப் பதினெட்டு.

முந்நூற்று அறுபது.